க்ரேனெஸ்ட்டின் பக்கத்தில் எங்கள் பெயர்

எங்கள் தொழிலுக்கு வெளியில் நல்ல பெயர் கிடையாது. லாபிக்காரர்கள் என்பார்கள். காதைக் கடிப்பவர்கள் என்றும் சொல்வார்கள். நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்குப் பல விஷயங்கள் தெரியாது. விஷயம் தெரிந்தவர்களுக்குச் சட்டம் எழுதுகிறவர்களைத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரு மேஜையில் கொண்டுவந்து உட்காரவைப்பது எங்கள் வேலை. பிரஸ்ஸல்ஸில் அறுபத்து நான்கு வருடங்களாக ஓப்டெபேக் குடும்பம் அதைச் செய்கிறது. அப்பா ஆரம்பித்தார், அண்ணன் நடத்தினார், அண்ணன் போன பிறகு நான் நடத்துகிறேன். எனக்கு எழுபத்தாறு வயது. வாசலில் பித்தளைப் பலகையில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது. அதை நான்தான் துடைக்கிறேன்; வேறு யாரும் துடைத்தால் ஓரங்களில் அழுக்கை விட்டுவிடுகிறார்கள்.

அப்பா எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விதி வைத்தார். தீவிர வலதுசாரிகளோடு உட்காருவதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா கமீல் ஓப்டெபேக், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த நான்கு வருடமும் அவர்களுடைய பத்திரிகையில் எழுதினார். நன்றாக எழுதுவார் என்று சொல்வார்கள். நான் படித்ததில்லை. ஜெர்மன்காரர்கள் ஓடிய வாரம் ஆல்ஸ்ட் நகரத்து ஜனங்கள் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, மாடி ஜன்னல் வழியாகச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அப்பா அந்தப் பத்திரிகையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அதே வீட்டில்தான் குடியிருந்தார், அவருடைய நாற்காலிகளும் அதே தீயில் போயின. அடுத்த வசந்தகாலம் வரை எங்கள் குடும்பம் நின்றுகொண்டே சாப்பிட்டது. பிற்காலத்தில் அப்பா இந்த அலுவலகத்தைத் திறந்தபோது முதலில் வாங்கியது பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் யார் உட்காரக்கூடாது என்பதையும் அன்றே முடிவு செய்துவிட்டார்.

இந்த விதியைக் காப்பாற்றுவது ரொம்ப நாள் சுலபமாக இருந்தது. அந்தக் கட்சிக்காரர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கடைசி வரிசையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்; அவர்களிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை. இப்போது அப்படி இல்லை. நடு வரிசைவரை வந்துவிட்டார்கள். போதாததற்கு, ஒவ்வொரு உறுப்பினரும் தான் எந்த லாபிக்காரரைச் சந்தித்தார் என்று இணையத்தில் தன் பக்கத்தில் போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கங்களைத்தான் பார்ப்பார்கள், மரண அறிவித்தல் பார்ப்பதுபோல. இன்றைக்கு யார் பெயர் வந்திருக்கிறது, யாருக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று.

எங்கள் பெயர் அந்த ஆட்களின் பக்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை. வினிகர் விவகாரம் வரும்வரை வருமென்று நான் நினைத்ததும் இல்லை.

வினிகரை இனி எஃகுத் தொட்டியில் மட்டும்தான் புளிக்கவைக்க வேண்டும், மரப்பீப்பாய் கூடாது என்று ஒரு சட்ட வரைவு வந்தது. சுகாதாரமாம். பெரிய தொழிற்சாலைகளுக்கு அது ஒன்றுமில்லை. எங்களிடம் மூன்று தலைமுறையாக வரும் சிறு வினிகர்க்காரர்கள் சங்கத்துக்கு அது தூக்குக் கயிறு. சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு என்று ஒரே ஒரு வரி சேர்ந்தால் பிழைப்பார்கள்.

நாடாளுமன்றக் குழுவில் எந்தச் சட்டத்துக்கு எந்தக் கட்சி அறிக்கை எழுதுவது என்பதை, கட்சிகள் தங்களுக்குக் கொடுத்த புள்ளிகளை வைத்து ஏலம் எடுப்பார்கள். பெரிய சட்டங்களுக்குப் புள்ளிகள் பறந்தன. வினிகரை ஏலம் விட்டபோது யாரும் கை தூக்கவில்லை. தீவிர வலதுசாரிகளுக்கு அதுவரை எதையும் யாரும் கொடுக்காததால் அவர்களிடம் புள்ளி அப்படியே மிச்சம் இருந்தது. வினிகர் அவர்களுக்குப் போயிற்று. அறிக்கை எழுதும் பொறுப்பு ரூலண்ட் க்ரேனெஸ்ட்டுக்கு. தாயக விடியல் கட்சி. ஊர் எது என்றால் ஆல்ஸ்ட்!

சேதியைக் கொண்டுவந்தவன் என் அண்ணன் மகன் யோரிஸ். நாற்பத்தாறு வயது, தலையில் முடி இல்லை, எதற்கும் ஒரு வண்ண அட்டவணை போடுவான். அன்றைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கூடவே சங்கத்தின் தலைவர் எவாரிஸ்ட் க்விண்டன்ஸும் வந்திருந்தார். அவர் அறைக்குள் வந்தால் சன்னலைத் திறக்க வேண்டும். கோட்டு, தொப்பி, மீசை எல்லாம் வினிகர் வாசனை.

"அத்தை, இதுல ஆறு படி இருக்கு" என்றான் யோரிஸ். "பச்சையில ஆரம்பிச்சு சிவப்புல முடியுது. ஒண்ணு, குழுவில எல்லாருக்கும் போடற பொதுக் கடுதாசி, அதுல அவர் பேரும் இருக்கும். ரெண்டு, அவருக்கு மட்டும் கடுதாசி. மூணு, அவரோட உதவியாளர்கூடப் பேசறது. நாலு, அவரோட நின்னு பேசறது. அஞ்சு, உட்கார்ந்து பேசறது. ஆறு, மத்தியானச் சாப்பாடு."

"நம்ம எந்தப் படியில நிக்கறோம்?"

"நம்ம கட்டிடத்துக்கே வரல, அத்தை."

க்விண்டன்ஸ் மீசையைத் தடவினார். "மேடம், நான் நேரா சொல்றேன். எனக்கு அந்தாளு மூஞ்சியே புடிக்காது. ஆனா பீப்பாய் போச்சுன்னா நான் போனேன். அந்த மரத்துக்குள்ள இருக்கிற உயிரு எங்க கொள்ளுத்தாத்தா காலத்துது. எஃகுத் தொட்டியில விட்டா ஒரு வாரத்துல செத்துப்போயிடும். அதுக்காக நான் பிசாசுகூடவும் உட்கார்ந்து பீர் குடிப்பேன்."

"நீங்க குடிக்கலாம். உங்க பேரு பித்தளைப் பலகையில இல்ல."

"எங்க பேரு பாட்டில்ல இருக்கு, மேடம்."

 யோரிஸ் சட்டென்று இடையில் புகுந்தான். மற்ற அலுவலகங்கள் எல்லாம் என்ன செய்கின்றன என்று விசாரித்து வைத்திருந்தான். பாலாடைக்கட்டிக்காரர்கள் உதவியாளரோடு மட்டும் பேசுவார்கள், அதுவும் பெயர் சொல்லாமல். கண்ணாடிப் பாட்டில்காரர்கள் லிஃப்டில் மட்டும் பேசுவார்கள். ஏழு மாடிக்குள் முடியாத விஷயம் என்றால் மறுபடி கீழே இறங்கி ஏறுவார்கள். கூரை ஓடு செய்பவர்கள் சங்கத்தின் தலைவர், க்ரேனெஸ்ட் போகும் சலூனிலேயே முடி வெட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். "மூணு வாரத்துல நாலு தடவ வெட்டியாச்சு, அத்தை. இன்னும் ரெண்டு தடவதான் தாங்கும்."

"இதெல்லாம் சந்திப்பு இல்லையா?"

"உட்கார்ந்தாத்தான் சந்திப்பு. நின்னா தற்செயல். ஊரே அப்படித்தான் வச்சிருக்கு. தாத்தாவோட விதியும் அதேதானே? 'உட்காருவதில்லை'ன்னுதானே சொன்னாரு? 'நிக்கறதில்லை'ன்னு சொல்லலையே?"

அப்பா சொன்னதை ஒருவர் எனக்கே எடுத்துக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் சொன்னது சரிதான். அப்பா அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்.

"அந்த விலக்கு வரிய வேற யார் மூலமாவும் கொண்டுவர முடியாதா?" என்று கேட்டேன்.

"ஒரு போர்ச்சுகல்காரம்மா மரியாதைக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. அது செத்த வரி. வினிகரப் பத்தி அங்க யாருக்கும் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. அறிக்கை எழுதறவர் என்ன சொல்றாரோ அதுக்குக் கை தூக்கிட்டு சாப்பிடப் போயிடுவாங்க. க்ரேனெஸ்ட் சேர்த்தா உண்டு, சேர்க்கலேன்னா இல்ல. வியாழக்கிழமை ஓட்டு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் போய் நின்னு பேசிட்டு வந்துடறேன், அத்தை. நீங்க தெரியாத மாதிரி இருந்துக்கோங்க" என்றான்.

"தெரியாத மாதிரி இருக்கிற பழக்கம் எனக்கில்ல. நம்ம பேரு போகுதுன்னா அந்தப் பேரோட நான்தான் போவேன்."

க்விண்டன்ஸ் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை அன்று முழுவதும் வினிகர் வாசனை அடித்தது.

யோரிஸ் க்ரேனெஸ்ட்டுக்குச் சொல்லிவைத்தபடி, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நாடாளுமன்றத்தின் மூன்றாம் மாடிக் காப்பிக்கடைக்குப் போனேன். அங்கே மார்பளவு உயரத்தில் வட்ட மேஜைகள் இருக்கும், சுற்றி நாற்காலி இருக்காது. எனக்கு வலது முழங்கால் சரியில்லை. இருந்தாலும் கைத்தடியை யோரிஸிடம் கொடுத்துவிட்டு நேராக நின்றேன். கைத்தடியோடு நின்றால் பாதி உட்கார்ந்ததுபோல இருக்கும்.

அந்த இடத்தில் அன்றைக்குத் தற்செயலாக வந்தவர்கள் மட்டும் பதினைந்து பேர் இருந்தார்கள். பாலாடைக்கட்டிக்காரர் தூணுக்குப் பின்னால் நின்று ஒரு காலி கோப்பையை ரொம்ப நேரமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். கூரையோட்டுச் சங்கத் தலைவர் ஒட்ட வெட்டிய தலையோடு கழுத்தில் தொங்கும் அட்டையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"மேடம் ஓப்டெபேக்கா? இங்கயா?" என்றார் கூரையோட்டுக்காரர் கடைசியில்.

"காப்பி குடிக்க வந்தேன்."

"நானும்தான். காப்பி நல்லாருக்கும் இங்க."

அந்தக் காப்பி நன்றாக இருக்கும் என்று இருபது வருடத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

க்ரேனெஸ்ட் சரியான நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல கோட்டு, மெல்லிய குரல். முரட்டு ஆளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்ததும் குனிந்து வணங்கினார், பிறகு "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூட்டத்தினூடே திரும்பி வந்தார். தற்செயலாக வந்த பதினைந்து பேரும் அந்த நாற்காலி நகர்வதையே பார்த்தார்கள்.

"உட்காருங்க, மேடம்."

"வேண்டாம். நிக்கிறது எனக்குப் பழக்கம்."

"முழங்கால் வலின்னு உங்க அண்ணன் மகன் சொன்னாரே."

"என் முழங்காலப் பத்தி டாக்டர்கிட்ட மட்டும்தான் பேசறது. உங்ககிட்ட பீப்பாயப் பத்திப் பேச வந்தேன்."

"பீப்பாயா? அதுக்கென்ன, சேர்த்துடலாம்!" என்றார் உடனே. "எஃகுத் தொட்டி யாரோட யோசனை? இந்த ஊர் அதிகாரிங்களோடது. பீப்பாய்ங்கிறது நம்ம மண்ணு, நம்ம முன்னோர்."

"வினிகருக்கு முன்னோர் கிடையாது. பாக்டீரியாதான்."

"நல்லா பேசறீங்க" என்று மனதாரச் சிரித்தார். "வார்த்தை மாறாம நீங்க குடுக்கிற வரிய அப்படியே போட்டுடறேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ரெண்டு நிமிஷம் உட்காருங்க."

"எதுக்கு?"

"அப்பதானே நான் என் பக்கத்துல போட முடியும்? 'ஓப்டெபேக் அலுவலகத்தைச் சந்தித்தேன்'னு. என் பக்கத்துல இப்ப யாரு பேரு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? பந்தயப் புறா வளர்க்கிறவங்க சங்கம், ரெண்டு தடவ. அப்புறம் ஒரு பாதிரியார். அவரும் வழி தெரியாம என் அறைக்குள்ள வந்துட்டவரு. இதோ இங்க நிக்கறாங்களே, எல்லாரும் எங்கிட்ட பேசுவாங்க. ஒருத்தராவது உட்கார்றாங்களான்னு பாருங்க. லிஃப்டுல ஏறி ஏறி எனக்குத் தலை சுத்துது, மேடம்."

தூணுக்குப் பின்னாலிருந்து கோப்பை கலக்கும் சத்தம் நின்றுவிட்டது.

அவர் மேல் எனக்கு ஒரு கணம் இரக்கம் வந்ததை மறைக்க மாட்டேன். முழங்கால் வேறு கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் நல்ல மெத்தை போட்டிருந்தது. க்விண்டன்ஸின் மீசை நினைவுக்கு வந்தது. இரண்டு நிமிடம்தானே என்று மனம் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"இன்னொண்ணும் சொல்லணும். உங்க பெரியப்பா கமீல் ஓப்டெபேக் எங்களுக்குத் தெய்வம் மாதிரி. ஆல்ஸ்ட் கட்சி ஆபீசுல ஆளுயரப் படம் வச்சிருக்கோம். இந்த அறிக்கைக்கு நான் ஒரு முன்னுரை எழுதியிருக்கேன். முதல் வரியே அவரப் பத்தித்தான்: 'கடைசி மூச்சுவரை தன் தோழர்களுக்கும் மண்ணுக்கும் உண்மையாக இருந்த கமீல் ஓப்டெபேக்கின் நினைவுக்கு.' குடும்பத்துக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னு."

நாடாளுமன்ற அறிக்கை இருபத்து நான்கு மொழிகளில் வரும். எண்பது வருடமாக நாங்கள் வீட்டுக்குள்ளேயே சத்தமாகச் சொல்லாத பெயர், வினிகர் சட்டத்தின் தலையில், ஃபின்லாந்து மொழியிலும் மால்டா மொழியிலும் வரப்போகிறது. அதன் கீழே அவருடைய பக்கத்தில் என் பெயர், தேதியோடு.

"அந்த வரிய எடுத்துடுங்க" என்றேன்.

"அடக்கமா இருக்கீங்க."

"அடக்கம் இல்ல. அது உண்மை இல்ல. அவர் யாருக்கும் உண்மையா இருக்கல."

"உங்க குடும்பத்துக்கு அவர் மேல வருத்தம் இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா தோழர்களுக்காக அவர்..."

"மிஸ்டர் க்ரேனெஸ்ட், ஜெர்மன்காரங்க போறதுக்கு முந்தின மாசம் என் பெரியப்பா என்ன பண்ணாருன்னு தெரியுமா?"

இதை நான் வெளி ஆளிடம் சொல்வேன் என்று அன்று காலைகூட நினைக்கவில்லை. அவர் பத்திரிகையில் எழுதியது ஊருக்கே தெரிந்த அவமானம். இது எங்கள் இரும்புப் பெட்டிக்கு மட்டும் தெரிந்த அவமானம். அப்பா முதலாவதைவிட இதைத்தான் அதிகம் வெறுத்தார். நேராக நின்று பேசினால் என் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிதாகத்தான் வரும்.

"ஜெர்மன்காரங்க தோத்துடுவாங்கன்னு தெரிஞ்சதும், அவங்கள எதிர்த்துத் தலைமறைவா இருந்த ஆளுங்ககிட்ட ரகசியமாப் போனாரு. கூட இருந்த தோழர்கள் நாப்பத்தோரு பேரோட பேரு, விலாசம், யாரு எந்த நேரத்துல வீட்ல இருப்பாங்க, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அதுக்குப் பதிலா தன் பேர விட்டுடச் சொன்னாரு. அவங்க பட்டியல வாங்கிக்கிட்டாங்க, அவரையும் புடிச்சிக்கிட்டாங்க. நகல் எங்க வீட்ல இருக்கு."

தூணுக்குப் பின்னாலிருந்து பாலாடைக்கட்டிக்காரரின் தலை வெளியே வந்தது.

"பொய்" என்றார் க்ரேனெஸ்ட். மெல்லிய குரல் போய்விட்டது.

"பன்னிரண்டாவது பேரு ஓஸ்கார் க்ரேனெஸ்ட். மேய்போம் தெரு, ரொட்டிக்கடை. 'காலை நாலு மணிக்கு அடுப்படியில் தனியாக இருப்பார்'னு பக்கத்துலயே எழுதியிருக்கு. உங்களுக்கு உறவா?"

அவர் எனக்காகக் கொண்டுவந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

"தாத்தா" என்றார். "மூணு வருஷம் ஜெயில்ல இருந்தாரு. யாரு சொன்னதுன்னு சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. எதிர்வீட்டுக் கசாப்புக்கடைக்காரன்தான்னு முடிவு பண்ணி, நாப்பது வருஷம் அவன்கிட்ட கறியே வாங்கல. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமகூட மீன்தான்."

"கசாப்புக்கடைக்காரர் இல்ல. அவர் நல்ல மனுஷனா இருந்திருக்கணும்."

"அந்தாளோட படத்துக்குக் கீழதான் நான் வாரா வாரம் உட்கார்றேன்!" என்று எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "உங்க குடும்பமே... உங்க பீப்பாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! வியாழக்கிழமை பாருங்க!"

நாற்காலியை விட்டுவிட்டுப் போய்விட்டார். பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் கூரையைப் பார்க்கவில்லை. நான் கதவுவரை கைத்தடி இல்லாமலேயே நடந்தேன். வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த யோரிஸின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர்த்துடறேன்னு சொன்னாரா, அத்தை?"

"சொன்னாரு."

"அப்பாடா!"

"அப்புறம் இல்லேன்னுட்டாரு."

லிஃப்டு கீழே போகும்வரை நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் தன் அட்டவணையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "க்விண்டன்ஸ்கிட்ட யாரு சொல்றது?"

நான்தான் சொன்னேன். தொலைபேசியில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாப்பத்தோரு பேரா? பாவி மனுஷன்" என்றார். அதற்குப் பிறகு, "பரவால்ல மேடம், என் பீப்பாய்க்காக நீங்க அந்தச் சங்கதிய வெளிய எடுத்தீங்களே" என்றார். பீப்பாய்க்காக எடுக்கவில்லை, பெயருக்காக எடுத்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் பிழைப்பை என் கோபத்தால் கெடுத்தேன் என்பதுதான் காரணம்.

வியாழக்கிழமை குழுக்கூட்டத்துக்கு யோரிஸோடு பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். வினிகர் கடைசி விஷயம். உறுப்பினர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அறிக்கையை இரண்டு நிமிடத்தில் படித்து முடித்திருந்தால் அன்றோடு க்விண்டன்ஸ் கதை முடிந்திருக்கும்.

ஆனால் க்ரேனெஸ்ட் பதினொரு நிமிடம் பேசினார். மரப்பீப்பாய் நோய்களின் கூடு என்றார். சிறு வினிகர்க்காரர்கள் நாட்டின் வயிற்றுக்கு எதிரிகள் என்றார். போர்ச்சுகல் அம்மையாரின் விலக்கு வரியை முன்னால் வைத்து மேஜையைத் தட்டினார், இதை ஆதரிப்பவர்கள் தன்னோடு மோத வேண்டியிருக்கும் என்றார்.

கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. வாழைப்பழக்காரர் மென்றுகொண்டே நிமிர்ந்தார். பக்கத்து உறுப்பினரிடம், "எந்த வரிக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். "அந்த விலக்கு வரிக்கு." "அப்ப அதுல ஏதோ நல்லது இருக்கணும்." அதுவரை வினிகரைப் பற்றி அந்த அறையில் யாருக்கும் அபிப்பிராயம் இல்லை. பதினொரு நிமிடத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஒருவருக்கொருவர் ஒருநாளும் ஒத்துப்போகாத ஐந்து கட்சிகளும் சேர்ந்து கை தூக்கின. போர்ச்சுகல் அம்மையார் தன் வரி பிழைத்ததைப் பார்த்துத் தானே திடுக்கிட்டு, கை தூக்க மறந்துவிட்டார்.

க்விண்டன்ஸ் அன்று மாலை அலுவலகத்துக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கோட்டை நான் இரண்டு முறை சலவைக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை யோரிஸ் க்ரேனெஸ்ட்டின் பக்கத்தைத் திறந்து காட்டினான். புறாச் சங்கம், புறாச் சங்கம், பாதிரியார். எங்கள் பெயர் இல்லை. எங்கள் தொழிலுக்கென்று வரும் ஒரு வாரச் செய்தித்தாள் அவரிடம் கேட்டிருந்தது. ஹெர்மீன் ஓப்டெபேக் என்ற பெண்மணியை, அதாவது என்னை, தான் பார்த்ததே இல்லை, கமீல் ஓப்டெபேக் என்று யாரையும் தன் கட்சிக்குத் தெரியாது என்று அவர் பதில் கொடுத்திருந்தார். ஆல்ஸ்ட் கட்சி ஆபீசில் ஆளுயரப் படத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறார்களாம்.

"ஜெயிச்சுட்டோம், அத்தை!" என்றான் யோரிஸ். "பேரும் தப்பிச்சுது, பீப்பாயும் தப்பிச்சுது. காலையில இருந்து அஞ்சு ஃபோன். மெத்தைக்காரங்க அடுத்த மாசம் அவங்க சட்டம் வருதாம், நீங்க அவரப் போய் ஒரு தடவ திட்டிட்டு வந்தா நல்லாருக்கும்ங்கறாங்க. எல்லாரும் அட்டவணையில ஏழாவது படி சேர்க்கச் சொல்றாங்க."

"திட்டறது நம்ம தொழில் இல்ல. முடியாதுன்னு எழுதிடு."

நியாயமாக நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு அந்தச் செய்தித்தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். பார்த்ததே இல்லை என்கிறார். பதினைந்து பேர் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பதினைந்து பேரும் நாளைக்கு அவர் சொன்னதுபோலவே தாங்களும் யாரையும் பார்க்கவில்லை என்பார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் லிஃப்டில் ஏறி இறங்கிப் பேசுகிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நின்றால் சந்திப்பு இல்லை என்று யோரிஸ் சொன்னபோது அப்பாவின் வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டு ஒப்புக்கொண்டேன். அது எனக்கு இப்போது உறுத்தியது.

எங்கள் அலுவலகத்துக்கும் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நாங்கள் யாரைச் சந்தித்தோம் என்று அதில் போடுவோம். சட்டம் கேட்கவில்லை, மற்றவர்களிடம் கேட்பதை நாமும் செய்ய வேண்டும் என்று அண்ணன் ஆரம்பித்து வைத்தது.

"யோரிஸ், நம்ம பக்கத்தத் திற. செவ்வாய்க்கிழமை தேதி போடு. ரூலண்ட் க்ரேனெஸ்ட்."

"அத்தை!" அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அவரே இல்லேங்கறாரு! நாம ஏன் ஆமாங்கணும்? விதை வியாபாரிங்க சங்கம் இதப் பார்த்தா அன்னிக்கே நம்மள விட்டுப் போயிடுவாங்க. அவங்க ரொம்பக் கறார்."

"போவாங்க. தெரியும்."

"நின்னா சந்திப்பு இல்லேன்னு நீங்களே..."

"இருபது நிமிஷம் நின்னேன். அவருக்கு உண்மையச் சொன்னேன், அவரு எனக்கு நாற்காலி போட்டாரு. இது சந்திப்பு இல்லேன்னா வேற எது சந்திப்பு? அவரு என்னைப் பார்க்கலைன்னு சொல்லலாம். அவரு குடும்பம், அவரு பாடு. ஓப்டெபேக் குடும்பத்துல யாரும் பார்த்தவரப் பார்க்கலைன்னு சொல்ல வேண்டாம். தன் பேரக் காப்பாத்திக்கக் கூட இருந்தவங்களக் கைவிட்டவர் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு, அது போதும்."

யோரிஸ் உட்கார்ந்து தட்டச்சு செய்தான். தேதி, இடம், பெயர். பிறகு நிறுத்தினான்.

"விஷயம்னு ஒரு கட்டம் இருக்கு. 'வினிகர்'னு மட்டும் போடட்டுமா?"

"'வினிகர். என் பெரியப்பா கமீல் ஓப்டெபேக் செய்தது.' அப்படியே போடு."

"என்ன செய்தாருன்னு கேப்பாங்களே, அத்தை."

"கேக்கட்டும். ஃபோன் நம்பர் கீழதானே இருக்கு."